ஆக்ஸா பிளேடு அளவு

கார் எஞ்சினுக்குள் நடக்கிற அத்தனை களேபரமும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சந்தில்தான் ஆரம்பமாகிறது. ஸ்பார்க் ப்ளக்கின் நடுக் கம்பிக்கும், அதன்மேல் தும்பிக்கை மாதிரி வளைந்து நிற்கும் பக்கக் கம்பிக்கும் இடையே உள்ள 'கேப்'. மின்சாரம் அதைத் தாண்டிக் குதிக்கும்போது வருகிற பொறியில்தான் பெட்ரோல் பற்றிக்கொள்கிறது. நெருக்கி வைத்தால் பொறி நோஞ்சான். அகட்டி வைத்தால், மேம்பாலத்தில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது பார்த்துக் குதிக்க மறுக்கும்.

'பி.காம். படித்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்காதீர்கள். செகண்ட் ஹாண்ட் கார் வாங்கிய எந்த பி.காமும் ஆறே மாதத்தில் பாதி பி.இ. ஆகிவிடுவான்.

நம் மெக்கானிக் அண்ணன்கள் ப்ளக்கைக் கழற்றி, உடைந்த ஆக்ஸா பிளேடு ஒன்றைச் சந்தில் நுழைத்துப் பார்த்துவிட்டு, "கரெக்டா இருக்கு சார், எடுங்க" என்பார்கள். சிரிக்காதீர்கள். இதில் சரித்திரம் இருக்கிறது. அம்பாசடரின் பழைய பெட்ரோல் எஞ்சின் இங்கிலாந்தின் பி.எம்.சி. வழி வந்தது. அந்த எஞ்சினுக்குச் சொன்ன கேப் 0.025 அங்குலம், அதாவது 0.63 மி.மீ. சாதாரண கை ஆக்ஸா பிளேடின் தடிமனும் கிட்டத்தட்ட அதேதான்!

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்றுவிட்டது. பிளேடு நிற்கவில்லை. கார்புரேட்டர் வைத்த மாருதி 800-க்கு 0.7 முதல் 0.8. பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் பலவற்றுக்கு 1.0 முதல் 1.1. அதற்கும் பிளேடு அளவே வைத்தால், சிக்னலில் நிற்கும்போது வண்டிக்குக் குளிர் ஜுரம்தான்.

உங்கள் வண்டிக்கு எவ்வளவு? மேனுவலில் இருக்கும். என்.ஜி.கே. ப்ளக் என்றால் நம்பரின் கடைசியில் '-11' இருக்கிறதா பாருங்கள். அப்படியானால் 1.1 மி.மீ.

கடையில் 'ஃபீலர் கேஜ்' என்று கேளுங்கள். விசிறி மாதிரி விரியும் தகடுகள், ஒவ்வொன்றிலும் அளவு பொறித்திருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது ப்ளக்கைத் திருகினால் மரையும் கூடவே வந்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு ப்ளக் போதும், ஒயர்கள் இடம் மாறாது. ஒயரைப் பிடித்து இழுக்காமல், தொப்பியைப் பிடித்து இழுங்கள். சரியான தகடு லேசாக உரசிக்கொண்டு நுழைய வேண்டும். இறுக்கமா, லூஸா என்று பார்த்து, பக்கக் கம்பியை மட்டும் வளையுங்கள். நடுக் கம்பியை நெம்பினால் சுற்றியிருக்கும் பீங்கான் விரிந்துவிடும், ப்ளக் குப்பைக்கு.

திரும்ப மாட்டும்போதுதான் பலர் வீரம் காட்டுவார்கள். வேண்டாம். முதலில் கையால் திருகுங்கள். கோணலாக ஏறினால் உடனே கழற்றுங்கள். அடி உட்கார்ந்ததும், வாஷர் வைத்த ப்ளக் பழையது என்றால் கடிகாரத்தில் 12-லிருந்து 1-க்குப் போகிற தூரம்தான் ஸ்பானர். புதிது என்றால் 12-லிருந்து 6 வரை, இல்லை, சற்றுக் கூட.

யாருமே தொடாமல் விட்டால் என்ன? பொறி தின்னத் தின்னக் கம்பி தேய்ந்து கேப் தானாக அகலும். பொறி தவறினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், அங்கேயுள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிச் சாகடிக்கும். அதன் விலையைக் கேட்டீர்களானால் மறுநாளே ஆபீசில் பி.எஃப். லோன் ஃபாரம் தேடுவீர்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு. புது வண்டிகளில் வருகிற இரிடியம் ப்ளக். அதன் நடு முனை மெல்லிய ஊசி. நீங்களும் வளைக்காதீர்கள், அண்ணனையும் விடாதீர்கள்.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது என்றுதானே யோசிக்கிறீர்கள்? கேஜை நீட்டி, "அண்ணே, இதுலயும் ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார். பிளேடு அவர் பாக்கெட்டிலேயே இருக்கட்டும். எங்காவது ஒரு அம்பாசடர் வரும்.