ரன்வே சின்னது... விமானம் சீக்கிரம் மூக்கைத் தூக்கினால் என்ன ஆகும்?

நேபாளத்தின் லுக்லா விமான நிலைய ரன்வேயின் நீளம் வெறும் 527 மீட்டர். ஒரு முனையில் மலை, மறுமுனையில் பள்ளத்தாக்கு. எவரெஸ்ட் அடிவாரத்துக்கு டிரெக்கிங் போகிறவர்கள் பெரும்பாலும் இங்குதான் வந்து இறங்குகிறார்கள். இவ்வளவு குட்டி ரன்வேயில், விமானி சட்டென மூக்கைத் தூக்கிப் பறந்துவிட வேண்டியதுதானே? முடியாது. அதற்குக் காரணம் ‘ஸ்டால்’.

ஸ்டால்னா என்ன?

எஞ்சின் நின்றுபோவது அல்ல. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால், இறக்கையின் மேல் ஓடும் காற்று பிரிந்து, தூக்கும் விசை சரிந்துவிடும். வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்க அதிகக் கோணம் தேவை. அந்தக் கோணம் எல்லையைத் தொடும் வேகம்தான் ஸ்டால் வேகம்.

மூக்கைத் தூக்கத் தொடங்கும் ‘ரொட்டேஷன்’ வேகம், இதைவிடப் போதிய இடைவெளியுடன் கணக்கிடப்படுகிறது. அவசரப்பட்டால் அந்த இடைவெளி காலி. தரையை ஒட்டி இருக்கும்வரை விமானம் மிதப்பதுபோலத் தெரியும். மேலே ஏறத்தான் முடியாது.

லுக்லாவில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

இது சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 25% அடர்த்தி குறைவு. அதனால் பறப்பதற்குத் தேவைப்படும் நிஜ வேகம் சுமார் 15% கூடும். ஓட வேண்டிய தூரமும் கூடும். கைகொடுப்பது 11.7% சரிவு. டேக்-ஆஃப் எப்போதும் இறக்கத்தில்தான். ட்வின் ஆட்டர், டோர்னியர் 228 போன்ற சிறிய விமானங்களுக்கு மட்டுமே இது சாத்தியம். எடையிலும் கறார்: 10% எடை கூடினால் ஸ்டால் வேகம் சுமார் 5% கூடிவிடும்.

அப்போ, நீள ரன்வே பாதுகாப்பானதா?

அதுவும் உத்தரவாதம் இல்லை. 2024 ஜூலை 24-ல் காத்மாண்டுவின் நீளமான ரன்வேயிலிருந்து டேக்-ஆஃப் ஆன சௌர்யா ஏர்லைன்ஸின் சிஆர்ஜே-200 விமானம் விழுந்து நொறுங்கியது. 19 பேரில் உயிர்தப்பியவர் கேப்டன் மட்டுமே. குறைந்த வேகத்தில், மிக வேகமாக மூக்கைத் தூக்கியதால் ஏற்பட்ட ஸ்டாலே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. வேக அட்டையில் இருந்த பிழையையும் அது சுட்டிக்காட்டியது.

ஆக, ரன்வே போதவில்லை என்றால் குறைக்க வேண்டியது எடையை. ரொட்டேஷன் வேகத்தை அல்ல. லுக்லா கவுன்டரில் கைப்பையைக்கூட எடை போடுவது அதனால்தான்.