மண் செத்துவிடவில்லை

"உங்கள் மண் செத்துப்போச்சு. இந்த நுண்ணுயிர் உரத்தை ஊற்றுங்கள், உயிர் வந்துவிடும்." மாடித் தோட்டம் வைத்திருப்பவர்களின் காதில் இந்தப் பேச்சு ஓயாமல் விழுகிறது. உயிர் உரங்கள்மேல் எனக்குப் பகை கிடையாது. அவற்றின் பேரால் அவிழ்த்துவிடப்படும் மிகைதான் தோட்டக்காரர்களின் காசையும் பொறுமையையும் தின்கிறது.

மண் செத்துவிட்டது என்பதே முதல் தவறு. ஓரளவு நல்ல மண்ணில் ஒரு கிராமுக்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன; பெரும்பாலானவை இரையில்லாமல் உறங்கிக் கிடக்கின்றன. காய்ந்து வெடித்த தரையிலும் முதல் மழைக்கு மண்வாசனை எழுகிறதே, அதில் முக்கியப் பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மினுக்கு. இத்தனை பெரிய கூட்டத்துக்குள் ஒரு பாக்கெட்டைக் கொட்டினால், புதிதாக வந்தவை இரையும் இடமும் கிடைக்காமல் பெரும்பாலும் சில வாரங்களிலேயே குறைந்துவிடும். மக்கிய தொழுவுரமும் இலைதழை மூடாக்கும் போட்டுப் பாருங்கள், உள்ளே கிடப்பவையே பெருகும்.

ஒரே பாக்கெட் எல்லாச் செடிக்கும் தழைச்சத்து தரும் என்பது அடுத்த கூற்று. ரைசோபியம் என்ற பாக்டீரியாவை ரோஜாவுக்கும் தக்காளிக்கும் வாங்கிப் போடுகிறார்கள். அது வேரில் முடிச்சு கட்டி வாழ்வது பயறு வகைச் செடிகளில்தான். அவற்றிலும் எல்லா ரைசோபியமும் எல்லாப் பயறோடும் சேராது. பூக்கும் பருவத்தில் இருக்கும் ஒரு தட்டைப்பயறுச் செடியை மண் உதிராமல் தோண்டியெடுத்து, வேரில் மணிமணியாக இருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபின் தரும் நிறம் அது. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும்; அதைக் காப்பது இந்தச் சிவப்புதான். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை. உங்கள் மண்ணில் முடிச்சுகள் சிவந்திருந்தால் பாக்கெட்டுக்கு அவசியமே இல்லை.

பாக்கெட் உண்மையிலேயே கைகொடுக்கும் இடமும் உண்டு. விதைக்கப்போகும் பயறு இதுவரை விளையாத மண்ணில், ஆறிய வடிகஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைப்பது நல்ல முறை. காலாவதித் தேதியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். வெயிலில் அடுக்கி வைத்திருந்த பாக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

யூரியா போட்டால் பாக்டீரியா அத்தனையும் செத்துவிடும் என்றும் சொல்கிறார்கள். யூரியா செடிக்குப் பயன்படுவதே பெரும்பாலும் பாக்டீரியாக்களின் கையால்தான். மண்ணுயிர்களின் நொதி அதை அம்மோனியமாக உடைக்கிறது. நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் போன்றவை அதை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. கோயம்புத்தூரில் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயலில், தொடர்ந்து ரசாயன உரம் இட்ட பாத்திகளிலும் நூறாண்டு கடந்து பயிர் விளைகிறது. யூரியாவால் கெடுதலே இல்லை என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் போட்டால் பயறுச் செடி முடிச்சு கட்டுவதைக் குறைத்துக்கொள்ளும்; ஆண்டுக்கணக்கில் கொட்டினால் மண் புளிக்கும். கெடுதல் இருக்கும் இடத்தைச் சரியாகச் சொல்லாமல் பயத்தை மட்டும் விற்பதுதான் என்னை வருத்துகிறது.

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா செடியின் நோயை விரட்டும் என்பது பாதி உண்மை. வேரைச் சுற்றி முன்கூட்டியே இடம்பிடித்தால் பூஞ்சாணத்தை அண்டவிடாமல் தடுக்கும். அழுகித் தலைசாய்ந்த செடியை அது எழுப்பாது.

புல்தரை வைத்திருப்பவர்களும் இதே பேச்சில் ஏமாறுகிறார்கள். வெட்டிய புல்லைக் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, பாக்டீரியா வாங்கி வந்து தெளிக்கிறார்கள். பொடியாக வெட்டிய புல்லை அங்கேயே விட்டால், உள்ளிருக்கும் பாக்டீரியாக்கள் அதை மக்கச் செய்து தழைச்சத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தரும். புல் மஞ்சளாகும் இடத்தில் ஒரு பிடி மண்ணைத் தோண்டி முகர்ந்து பாருங்கள். கருத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால், அங்கே தண்ணீர் தேங்கிக் காற்று போயிருக்கிறது. காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடைக் கக்கிக்கொண்டிருக்கின்றன. பாய்ச்சும் தண்ணீரைக் குறைத்து, கம்பியால் நெருக்கமாகத் துளை போட்டுக் காற்றுப் புகவிட்டால் நாற்றம் அடங்கும். அதற்கு எந்தப் பாக்கெட்டும் வேண்டியதில்லை.