மார்க்குகளைப் பற்றிய ஊர்ப் பேச்சும் நமது கடமையும்

விதைப் பை, உர மூட்டை, பூச்சி மருந்துப் புட்டி ஆகிய எதை வாங்கினாலும் அதன்மேல் ஒரு மார்க்கு இருக்கிறது. குடியானவர்களில் பெரும்பாலோர் சரக்கின் பெயரைச் சொல்லாமல் மார்க்கின் பெயரைச் சொல்லியே வாங்குகின்றனர். அம்மார்க்கின் குணதோஷங்களை முன்பெல்லாம் சந்தையிலும் களத்துமேட்டிலும் பேசிக்கொண்டார்கள். இப்பொழுது அப்பேச்சில் பெரும்பகுதி கைப்பேசிக்குள் குடியேறிவிட்டது. வாட்ஸாப் குழுவில் காலையில் ஒருவர் எழுதியது, மாலைக்குள் பல ஊர்களுக்குப் பரவிவிடுகிறது.

பெரிய கம்பெனிகள் இதை நன்கு அறிந்திருக்கின்றன. முகநூல், யூடியூப் முதலிய இடங்களில் தம் மார்க்கின் பெயர் எங்கே வந்தாலும் அதைத் திரட்டிப் புகழ், பழி, கேள்வி என்று வகைப்படுத்தச் சிப்பந்திகளையும் கணினி முறைகளையும் வைத்திருக்கின்றன. ஒரு நாளில் பழி திடீரென்று மிகுந்தால், அச்செய்தி உடனே மேலதிகாரியிடம் போகிறது. மக்கள் வாக்கின் வலிமைக்கு ஓர் உதாரணம் கூறலாம். 2019-ஆம் ஆண்டு ஏப்ரலில், தான் உரிமை கொண்டாடும் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாகக் குஜராத் விவசாயிகள் சிலர்மீது பெப்ஸிகோ கம்பெனி வழக்கிட்டது. அவர்களில் நால்வரிடம் தலைக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. விவசாய சங்கங்கள் கண்டித்தன. அக்கம்பெனியின் வறுவலை வாங்கலாகாது என்ற குரல் சமூக ஊடகங்களில் எழுந்தது. மே மாதத்தில், அரசாங்கத்தோடு பேசியபின், வழக்குகளை வாபஸ் பெறுவதாகக் கம்பெனி அறிவித்தது.

விற்பவர் இவ்வளவு கவனமாகச் செவிசாய்க்கும்பொழுது, வாங்குபவருக்கு ஆலோசனை கூறக் கடமைப்பட்ட நமது இலாகா வாளாவிருத்தல் தகுமா? தகாது என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கேட்பதிலும் இருவகைப் பிழைகள் உண்டு. கேட்டதையெல்லாம் நம்புவது ஒன்று. கேட்டதையெல்லாம் வம்பென்று தள்ளுவது மற்றொன்று. முதற்பிழை செய்யும் கேட்டை ஓராண்டில் கண்டேன். இரண்டாம் பிழையை அடுத்த ஆண்டில் நானே செய்தேன்.

சம்பா நாற்றங்கால் சமயம். ஒரு மார்க்கு நெல் விதை முளைக்கவில்லை என்று என் எல்லையிலுள்ள குழு ஒன்றில் ஒருவர் எழுதினார். மாலைக்குள் பதினைந்து பேர் அதையே திருப்பிச் சொன்னார்கள். மறுநாள் கடையில் அவ்விதையை ஒருவரும் தொடவில்லை. விசாரித்ததில், அதை உண்மையில் விதைத்தவர் மூவரே. இருவர் நாற்றங்கால் செழிப்பாயிருந்தது. மூன்றாமவர், ஊறவைத்த விதையை அளவுக்கு மிஞ்சி மூட்டைக்குள்ளேயே வைத்திருந்ததால், சூடேறி முளை வெந்துபோயிருந்தது. அதே குவியல் எண்ணுள்ள பையிலிருந்து 100 விதைகளை எடுத்து ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்தோம்; 88 முளைத்தன. சான்று பெற்ற நெல் விதைக்கு விதிக்கப்பட்ட குறைந்த அளவு நூற்றுக்கு 80 ஆகும். ஆனால் நாங்கள் இதை அறிவிப்பதற்குள் பலர் அட்டையில்லாத விதையை வாங்கித் தெளித்துவிட்டனர்.

அதன்பின் இத்தகைய பேச்சுகளின்மேல் எனக்கு நம்பிக்கை குன்றிற்று. அடுத்த ஆண்டு, கத்தரியில் காய்த்துளைப்பானுக்கு ஒரு மார்க்கு மருந்தைத் தெளித்தும் பயனில்லை என்று இருவர் எழுதினர். தெளித்த வேளை தவறாயிருக்கும் என்று எண்ணி வாளாவிருந்தேன். மூன்று வாரங்களில் பக்கத்து ஊர்களிலிருந்தும் அதே புகார் வந்தது. ஓடிச் சென்று பார்த்தபொழுது புட்டிகள் எறியப்பட்டிருந்தன. ரசீது ஒருவரிடமும் இல்லை. அத்தொகுதிச் சரக்கும் கடையில் தீர்ந்துபோயிருந்தது. போலி மருந்தா, மருந்துக்குப் புழு பழகிவிட்டதா என்று ஆராய ஒரு துளியும் அகப்படவில்லை. "ஐயா, நாங்கள் அன்றைக்கே எழுதினோமே" என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

ஆகவே, ஊர்ப் பேச்சு தீர்ப்பும் அன்று, வெறும் வம்பும் அன்று; வயலுக்குப் போய்ப் பார் என்னும் அழைப்பே அது. பேசியவர் எத்தனை பேர் என்பதை விட்டு, உபயோகித்தவர் எத்தனை பேர் என்று எண்ணவேண்டும். எந்தக் குவியல் எண், எந்தக் கடை, எந்தத் தேதி, என்ன அளவு என்று கேட்கவேண்டும். பழியைப் போலவே புகழையும் சோதிக்கவேண்டும். குடியானவரைப் போல் எழுதுபவர் சிலசமயம் விற்பனை ஏஜெண்டாகவும் இருப்பார். கைப்பேசியில் எழுதாத கூலியாட்களும் பெண்மக்களும் வயலில் கண்டதைச் சொல்ல, அவர்கள் இருக்கும் இடத்திற்கே நாம் போகவேண்டும்.

இது உளவுத் தொழிலாகுமே என்று என் சகாக்கள் சிலர் ஆட்சேபிக்கின்றனர். உத்தியோகஸ்தர் இன்னாரென்று எல்லோரும் அறிய அமர்ந்திருக்கும் குழுவில் மட்டுமே இதைச் செய்யவேண்டும். மறைந்திருந்து கேட்பது தகாது. வேலைப்பளு கூடும் என்பது மெய்தான். ஆயினும் தக்க தருணத்தில் ஒரு நாள் செல்வது, பின்னர் பல நாள் பயனின்றி அலைவதிலும் மேலானது.

குடியானவர்களுக்கும் இதில் பங்குண்டு. விதை பழுதென்று எழுத்துமூலம் புகார் கொடுத்தால், விதை ஆய்வாளர் அட்டையையும் பையையும், மிச்சமுள்ள விதையில் மாதிரியையும் இயன்றவரை கைப்பற்றி விசாரிக்கவேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்கீழ் ஏற்பட்ட விதி. இவற்றை எறிந்துவிட்டால் விசாரணைக்கு ஆதாரம் ஏது? ஆகையால் அறுவடை வரையில் ரசீதையும் அட்டையையும் ஒரு பிடி விதையையும் பத்திரப்படுத்துக. மருந்தாயின், மீதியைப் புட்டியோடு பூட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திடுக. குழுவில் எழுதும்பொழுது அட்டையின் படத்தையும் சேர்த்து அனுப்புக.

முடிவாக ஒன்று. விசாரித்து அறிந்ததை, புகார் எழுந்த அதே குழுவிலேயே அறிவிக்கவேண்டும். சரக்கு நல்லதாயின் நல்லதென்றும், ஐயமிருப்பின் மாதிரி ஆய்வுக்குப் போயிருக்கிறதென்றும் தெளிவாகச் சொல்லவேண்டும். மறுமொழி கிடையாத குடியானவர் இரண்டாம் முறை நம்மிடம் சொல்லமாட்டார். அவர் நம்மிடம் சொல்வதை நிறுத்திவிட்டால், பழுதை நாம் அறிவது அறுவடைக் களத்தில்தான்.