அச்சமும் குருதியோட்டமும்

அவலூர்பேட்டை வாரச்சந்தையிலே மாடு பிடிக்கும் தரகர் பல்லைப் பார்ப்பர், சுழியைப் பார்ப்பர், துண்டின்கீழ் விரல் பிடித்து விலையும் முடிப்பர். விலை முடிந்தபின் அம்மாட்டை லாரியில் ஏற்றுங்கால் அதன் மார்பினுள் நிகழ்வதை நோக்குவார் இலர். அது விழி பிதுங்க மூச்சிரைத்துப் பின்வாங்கின், சண்டித்தனமென்று வாலை முறுக்குகின்றனர். அது சண்டித்தனமன்று, மூளையின் ஏவலென்பதே யாம் ஈண்டுக் கூறப்புகுவது.

இவ்வுண்மைக்குச் சான்று பகர்ந்தவையும் விலங்குகளே. மூளையினின்று இறங்கிவரும் வேகஸ் நரம்பினை மின்சாரத்தால் தூண்டின் இருதயம் தளர்ந்து நின்றுவிடுமென வேபர் சகோதரர் 1845-இல் காட்டினர். கார்ப்ளஸ், கிரைடல் என்னும் வியன்னா அறிஞர் இருவர், 1909 முதலாகப் பூனை மூளையின் அடிப்பாகத்துள்ள ஹைப்போதலாமஸ் என்னும் சிறு பகுதியைத் தூண்டிப் பார்த்தனர். கண்மணி விரிந்தது, இரத்த அழுத்தம் ஏறுவதும் பின்னர்ப் புலனாயிற்று. நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி நிகழ்ந்தது. டில்லி லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் ஆனந்த், துவா என்போர், மூளையின் உட்பகுதிகளை மின்சாரத்தால் தூண்டுங்கால் குருதியோட்டமும் சுவாசமும் மாறுபடுமாற்றினை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர்.

இருதயம் துடிப்பது தன்னியல்பாலேயே. ஆயினும் அத்துடிப்பின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மூளையின் வேலை. கடிவாளம் அதன் கையில்.

நிற்க. மயக்கமருந்தால் உணர்விழந்து கிடக்கும் பூனைக்கும் இவ்வாறே அழுத்தம் ஏறுகின்றதே, ஆகவே அழுத்தம் ஏறுவது துன்பத்திற்கு அடையாளமாகுமோ என்று வினவுவார் உளர். வினா தக்கதே. இதற்கு விடை இலண்டன் நகரில் 1960-இல் ஹில்ட்டன் முதலியோர் வெளியிட்ட ஆராய்ச்சியில் உளது. மயங்கிய பூனையின் ஹைப்போதலாமஸில் ஓரிடத்தைத் தூண்டினர். இருதயம் விரைந்தது; குடலிற் குருதி குறைந்து, ஓடவும் போரிடவும் வேண்டிய தசைகளிற் பெருகிற்று. மயக்கம் தெளிந்தபின் அதே இடத்தைத் தூண்டவே, பூனை விழிப்புற்று, பகைவரைக் கண்டாற்போல் வெருண்டது. அச்சத்திற்கும் குருதியோட்டத்திற்கும் இருப்பிடம் ஒன்றேயாதல் இதனாற் பெறப்படும். பேச்சற்ற பிராணியின் அச்சத்தை அதன் நாடியே பேசுகின்றது எனின் மிகையாகாது.

இளைப்பாறும் பசுவின் இருதயம் நிமிடத்திற்கு ஏறக்குறைய 50 முதல் 80 முறை துடிக்கும். வெருண்ட மாடோ, ஓடுதற்கு வழியின்றிக் கட்டுண்டு நிற்க, உடல் மட்டும் ஓட்டத்திற்கு ஆயத்தமாகி வீணே உழல்கின்றது.

விலங்குகளை வதைத்துப் பெற்ற அறிவு மனிதரின் இரத்த அழுத்த நோய்க்கே பயன்பட்டு, விலங்கிற்கு ஒன்றும் உதவாதிருப்பது முறையன்று என்பது எம் கருத்து. சட்டம் இல்லாமலில்லை. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும், ஒரு சரக்கு லாரியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாதென்னும் 1978-ஆம் ஆண்டின் விதிகளும் உள. விதியை ஏட்டிலே விட்டுச் சந்தையிலே பத்தும் பன்னிரண்டும் அடைப்பாரை என்னென்பது! உடலியல் பயிலும் நம் மாணவர், ஒருமுறை சந்தைக்குச் சென்று, ஏற்றுமுன்னும் ஏற்றியபின்னும் மாட்டின் வாலடியில் விரல் வைத்து நாடியை எண்ணிப் பார்ப்பாராக. அவ்வெண்களை ஊராட்சியாரிடம் காட்டி, மாடு தானே நடந்தேறத்தக்க சரிவான மண்மேடை ஒன்று கேட்கலாம். அதற்கு ஆகும் செலவு நாலைந்து வண்டி மண்ணே.