ஈ.எம்.ஐ. பாக்கி இருக்கு, இன்ஜின் இல்லை

கோடை விடுமுறை வந்தால் தங்கவயல்காரர்கள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். இங்கே வந்து நாலு தலைமுறை ஆகியிருக்கும். ஆனாலும் குலதெய்வம் குடியாத்தம் பக்கத்திலோ ஆம்பூர் பக்கத்திலோதான் இருக்கும். முன்பு பஸ், ரயில். இப்போது நிறைய வீடுகளில் கார் இருக்கிறது, அதுவும் பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்.

கார் லோன் கொடுக்கும் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். ஒரு லோனுக்கு எத்தனை கையெழுத்து வாங்குகிறோம்! ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், சம்பளச் சான்று, ஜாமீன்தாரர், எல்லாம் சரி. கூலன்ட் பாட்டில் எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த மனிதருக்கு யாரும் காட்டுவதில்லை. நாங்களும் காட்டுவதில்லை, விற்கிற தரகரும் காட்டுவதில்லை. பானெட்டைத் திறப்பது மெக்கானிக் வேலை என்று விட்டுவிடுகிறோம். இது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

ஏனென்றால் இதில் போவது பெரிய பணம். "அதான் ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கே சார்" என்பார்கள். பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். தேய்மானம், இயந்திரக் கோளாறு, அதன் தொடர்ச்சியாக வரும் நஷ்டம் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். கூலன்ட் இல்லாமல் ஓட்டி ஹெட் வளைந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால் அது விபத்து இல்லை. தனிப் பிரீமியம் கட்டி வாங்கும் இன்ஜின் பாதுகாப்பு என்பதும் பெரும்பாலும் வெள்ளத் தண்ணீர் புகுந்தாலோ, அடிபட்டு ஆயில் ஒழுகினாலோதான் கைகொடுக்கும். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும், ஈ.எம்.ஐ. மட்டும் தேதி தவறாமல் ஓடும்.

அடுத்தது, "தண்ணி ஊத்தினா போதும்" என்கிற பேச்சு. அம்பாசடர் காலத்துப் பழக்கம் அது. இன்றைய இன்ஜினில் நிறைய அலுமினியம். வெறும் தண்ணீர் உள்ளே துருவையும் அரிப்பையும் உண்டாக்கும். கோலார் மாவட்டத்து போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தவர்களுக்கு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கூலன்ட் அரிப்பைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். எந்த வகை என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

பார்ப்பது இரண்டு நிமிட வேலை. காலையில், இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது, சமதளத்தில் வண்டியை நிறுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் மினிமம், மேக்ஸிமம் என்று இரண்டு கோடு இருக்கும். நடுவில் இருந்தால் சரி. மாதாமாதம் இறங்கிக்கொண்டே வந்தால் ஊற்றி ஊற்றிச் சமாளிக்காதீர்கள், எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். வண்டிக்கு அடியில் நிறமில்லாத சொட்டு ஏசி தண்ணீர், அதற்குப் பயம் வேண்டாம். பச்சையோ ரோஸ் நிறமோ இருந்தால் நேராக மெக்கானிக்கிடம். ஆயில் ஸ்டிக்கில் பால் காபி நிறம் தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடே 60 டிகிரிக்கு மேல். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பித்தான் அங்கே வேலை நடந்தது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்களை மூடிவிட்டார்கள், அது வேறு கதை. ஆனால் சூடு ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அங்கே யாரும் ஆளை இறக்கியிருக்க முடியாது. அந்தத் தாத்தாக்களின் பேரன்கள், வண்டியில் புகை வந்த பிறகுதான் பானெட்டைத் திறக்கிறார்கள்.

போகும்போது பிரச்சினை இல்லை, வி.கோட்டா தாண்டிப் பேரணாம்பட்டுக்கு மலைப்பாதையில் இறக்கம்தான். திரும்பும்போதுதான் சோதனை. மே மாதத்து மதியம், ஏசி, ஐந்து பேர், டிக்கியில் அரிசி மூட்டை, தேங்காய், எல்லாவற்றோடும் ஏற்றம். புது வண்டிகள் பலவற்றில் சூட்டைக் காட்டும் முள்ளே இல்லை, ஒரு விளக்குதான். நீலம் என்றால் இன்ஜின் இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது, சிவப்பு என்றால் ஆபத்து. முள் உள்ள வண்டியில் அது ஏற ஆரம்பித்தவுடனே ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரை முழுசாகப் போடுங்கள். (மே மாதத்தில் ஹீட்டரா என்று சிரிக்கிறார்கள். அது இன்ஜின் சூட்டைத்தான் உள்ளே இழுத்து வெளியே விடுகிறது.) சிவப்பு எரிந்தாலோ ஆவி வந்தாலோ "அடுத்த வளைவு வரைக்கும்" என்ற பேச்சே கூடாது. ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். ஹசார்டு விளக்கு, சக்கரத்துக்குக் கல், குழந்தைகளும் பெரியவர்களும் இறங்கி ரோட்டை விட்டுத் தள்ளி நிழலில்.

அதன் பிறகு ரேடியேட்டர் மூடியில் கை வைக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் நூறு டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் நிற்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் நம் தங்கவயலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் ஆவியாகி முகத்துக்கு வரும். ஈரத்துணி, கோணிப்பை எதுவும் காப்பாற்றாது. பிரஷர் குக்கரின் வெயிட்டை அவசரத்தில் எடுக்கக்கூடாது என்று அம்மா சொன்னதே இங்கேயும். குறைந்தது ஒரு மணி நேரம், குழாயைத் தொட்டால் சுடாத வரைக்கும் காத்திருங்கள். இன்ஜின் மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், விரிசல் விடும். இன்ஜின் அணைந்த பிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், துப்பட்டா, முந்தானை ஜாக்கிரதை. முழுசாக ஆறிய பிறகு கூலன்ட் இல்லாவிட்டால் குடிதண்ணீரே ஊற்றலாம், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மட்டும். மறுபடியும் சூடேறினால் இழுவை வண்டிதான்.

வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் இதைக் காட்டிவிடுங்கள், அண்ணிக்கும் தங்கைக்கும் சேர்த்து. ஒரு லிட்டர் கேன் டிக்கியில் கிடக்கட்டும். ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம், கான்சென்ட்ரேட் என்றால் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். மீதியைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். பெரும்பாலான கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், விஷம். குழந்தைகளும் நாயும் எட்டாத உயரத்தில், வாங்கின கேனிலேயே இருக்கட்டும்.