"ஒரு டொலர்தானே" என்கிறார்கள்

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடும் சகோதரங்களோடும் தொலைபேசியில் பேசும்போது எமது வீடுகளில் தவறாமல் வரும் கேள்வி: "அங்கே அரிசி என்ன விலை?" நாம் ரூபாவில் சொல்கிறோம். அவர்கள் உடனே டொலருக்கோ பிராங்குக்கோ மாற்றிப் பார்த்து, "ஒரு டொலர்தானே, மலிவுதானே" என்கிறார்கள். கணக்கில் பிழையில்லை. ஆனால் அந்தக் கணக்கு எமது சீவியத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

உதாரணமாக, ஒரு கனடிய டொலர் 210 ரூபா, ஒரு கிலோ அரிசியும் 210 ரூபா என்று வைத்துக்கொள்வோம். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2024 ஒக்டோபரில் ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்திற்கு 17.20 டொலர். அங்குள்ள தம்பி அந்த அரிசியை நான்கு நிமிடத்திற்குள் உழைத்துவிடுகிறார். இங்கே எட்டு மணித்தியால வேலைக்கு 2,100 ரூபா கூலி வாங்கும் அண்ணன், அதே ஒரு கிலோவுக்கு 48 நிமிடம் வெயிலில் நிற்கவேண்டும்.

இதே பிழையை நாமும் மறுபக்கமாகச் செய்கிறோம். தம்பியின் ஒருநாள் சம்பளத்தை ரூபாவாக்கினால் 28,000 இற்கு மேல் வருகிறது. கேட்டவுடன் வாயைப் பிளக்கிறோம். அவருடைய வீட்டு வாடகை மாதம் 2,000 டொலர் என்றால், வரி கழிக்கு முன்னரே பதினான்கரை நாள் உழைப்பு அதற்கே போய்விடும் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "பணத்தில் புரளுகிறான், அனுப்பமாட்டேன் என்கிறான்" என்று எத்தனை குடும்பங்களில் மனக்கசப்பு!

2022ஆம் ஆண்டில் இந்தக் குழப்பம் இன்னும் கூடியது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த அமெரிக்க டொலர், மே நடுப்பகுதியில் 360 ரூபாவைத் தொட்டது. அனுப்பிய நூறு டொலர் 20,000 ரூபாவிலிருந்து 36,000 ரூபாவானது. "இனி உங்களுக்கு மிஞ்சும்" என்று வெளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். ஆனால் யூரியா, டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் டொலர் கொடுத்து வாங்கப்படுபவை. டொலர் ஏற அவையும் ஏறுகின்றன. 2005இற்குப் பின் பல ஆண்டுகள் மானியத்தில் 350 ரூபாவுக்கு நெற்செய்கைக்குக் கிடைத்த 50 கிலோ யூரியா, 2022இல் இந்தியக் கடனுதவியில் வந்தபோதே 10,000 ரூபாவுக்கு விற்கப்பட்டது. வெளிச்சந்தையில் விலை அதைவிட மிக அதிகம். கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை.

ஆகவே விலை சொல்லும்போது ரூபாவை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். அது எத்தனை நாள் கூலி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த மாதத்து விலை, மூடை எத்தனை கிலோ, எந்த நாட்டு டொலர் என்பதும் வேண்டும். கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா மூன்றிலும் டொலர்தான். மூன்றும் ஒரே பெறுமதியல்ல. தமிழ்நாட்டு முகாம்களில் இருந்து திரும்பியவர்களுக்கு இந்திய ரூபாயும் இலங்கை ரூபாவும் படுத்திய பாடு நன்றாகவே தெரியும். கைத்தொலைபேசியில் தெரியும் மாற்றுவீதமும் வங்கி எமது கையில் தரும் வீதமும் வேறு என்பதையும் சொல்லிவைக்கலாம்.

அரிசி, யூரியாவை விட எனக்குக் கவலை தருவது காணி. 42 இலட்சம் ரூபா சொல்லப்படும் ஒரு வயற்காணி, மேலே சொன்ன வீதப்படி வெளிநாட்டில் இருப்பவருக்கு 20,000 கனடிய டொலர். அவருக்கு அது ஏறக்குறைய 145 நாள் சம்பளம். இடம்பெயர்ந்து, அந்த வயலையே குத்தகைக்குச் செய்துவரும் குடும்பத்துக்கு அது 2,000 நாள் கூலி. "மலிவாய்க் கிடக்கிறது" என்று அவர் வாங்கிவிட்டால், பக்கத்துக் காணிக்காரரும் அதே விலையைத்தான் கேட்பார். விலை உழுபவனின் மடியைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. வெளியில் உள்ளவர்கள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் ஊரில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஆசையில்தான் வாங்குகிறார்கள். ஆனால் காணிப் பேச்சு வரும்போது, அந்த 2,000 நாள் கணக்கை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள்தான். அந்த நிலத்தை இப்போது யார் செய்கிறார்கள், விற்பதற்கு முன் அவர்களிடம் கேட்டாயிற்றா என்பதையும் அதே தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள்.