இரும்புப் பெட்டிக்கு எந்தப் பூட்டு?



சென்ற மாதம் சித்தூரிலிருந்து ஒரு சகோதரன் தொலைபேசியில் அழைத்தார். "பாஸ்டர் ஐயா, வீட்டிற்கு ஒரு சிறிய இரும்புப் பெட்டி வாங்கப் போகிறேன். சாவிப் பூட்டு நல்லதா, நம்பர் பூட்டு நல்லதா, விரல்ரேகைப் பூட்டு நல்லதா?" என்று கேட்டார். வேதாகமக் கல்லூரியில் எனக்கு இதைப் போதித்தவர் எவருமில்லை. ஆயினும் ஊழியத்தின் நிமித்தம் அநேக வீடுகளின் உள்ளறை வரைக்கும் சென்று வந்தவன் என்ற முறையில், கண்டதையும் விசாரித்து அறிந்ததையும் இம்மாதம் எழுதுகிறேன்.

நாம் நகை அணிகிறவர்களல்லவே, நமக்கெதற்கு இரும்புப் பெட்டி என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். பொன்னைவிட அருமையானவை நம் வீடுகளில் உண்டு. சொந்த ஊரிலுள்ள வீட்டின் மூலப்பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், காப்பீட்டுப் பத்திரம், கடவுச்சீட்டு ஆகியவை. பிழைப்பிற்காக எல்லை தாண்டி வந்து திருப்பதியிலும் சித்தூரிலும் வாடகைக்குக் குடியிருக்கிற தமிழ்க் குடும்பத்திற்கு ஒரு காகிதம் தொலைந்தால், அதற்காக மறுபடியும் சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்தின் படியேறவேண்டும். அலைந்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் திருப்பதியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் தகப்பனார் மாரடைப்பினால் திடீரென்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். ஒழுங்கான மனிதர். காகிதங்களையெல்லாம் எண்களை அழுத்தித் திறக்கும் ஒரு மின்னணுப் பெட்டியில் வைத்திருந்தார். அடக்க ஆராதனை முடிந்த மறுநாள், பெட்டியைத் திறக்கும் எண் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்பது வெளிப்பட்டது. அவருடைய மனைவி திருமண நாளைப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளின் பிறந்தநாட்களைப் போட்டுப் பார்த்தார்கள். தவறான எண்ணைப் பலமுறை அழுத்தியதால் பூட்டு சிறிது நேரம் எதையும் ஏற்காமல் நின்றுவிட்டது. பெட்டியை விற்ற இடத்தில் கேட்டபோது, வாங்கிய ரசீதைக் காட்டினால் ஆள் அனுப்புவோம் என்றார்கள். ரசீது பெட்டிக்குள் இருந்தது. அவசரகாலத்துக்கென்று கொடுக்கப்பட்டிருந்த சாவியும், வாங்கிய நாளில் இருந்த பிளாஸ்டிக் உறையோடே, பெட்டிக்குள்தான் இருந்தது. முடிவில் ஒரு பூட்டுத் தொழிலாளி வந்து துளையிட்டுத் திறந்தார். கள்வனுக்கு விரோதமாக வாங்கப்பட்ட பெட்டி, அன்று அந்தச் சகோதரிக்கு விரோதமாகப் பூட்டிக்கொண்டிருந்தது.

ஆகையால் சித்தூர்ச் சகோதரனிடம் நான் முதலாவது கேட்டது இதுவே: "தம்பி, நீர் இல்லாத நாளில் இதை யார் திறக்கவேண்டும்?" கடைக்காரர் யார் திறக்கக்கூடாது என்பதை மாத்திரம் சொல்லி விற்பார்.

இனிப் பூட்டுகளைப் பார்ப்போம். சாவிப் பூட்டைத் தெலுங்கில் தாளம் என்றும், சாவியைத் தாளஞ்செவி என்றும் சொல்லுகிறார்கள். பூட்டின் காது என்று பொருள்படும்படி அழகாய் அமைந்த சொல். நல்ல பெட்டியின் சாவிப் பூட்டுக்குள் லீவர் எனப்படும் தகடுகள் பல அடுக்கப்பட்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்திற்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திறவாது. தகடுகள் மிகுந்தால் கள்ளச் சாவி செய்வது கடினம். இங்கிலாந்தில் 1818-ல் சப் என்பவர் செய்த இவ்வகைப் பூட்டை ஒருவராலும் திறக்கமுடியாது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1851-ல் லண்டன் கண்காட்சியின்போது ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதை அரைமணி நேரத்திற்குள் திறந்துவிட்டார். நம் நாட்டில் ஆர்தேஷிர் கோத்ரேஜ் 1897-ல் பம்பாயில் பூட்டுத் தொழிலைத் தொடங்கி, 1902-ல் இரும்புப் பெட்டிகளும் செய்தார். கையினாலே செய்யப்படும் திண்டுக்கல் பூட்டோ 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது.

சாவிப் பூட்டுக்கு மின்கலம் வேண்டாம், நினைவாற்றலும் வேண்டாம். அதன் பலவீனம் சாவிதான். அதை எங்கே வைப்பீர்கள்? பீரோவின் மேலும் அரிசி டின்னுக்குள்ளும் தலையணைக்கு அடியிலும் வைத்தால், வீட்டில் நுழைகிறவன் முதலாவது தேடும் இடங்கள் அவைகளே. சாவியைத் தொலைப்பது எளியோருக்கு மாத்திரம் நேருவதுமல்ல. ஒடிசாவிலுள்ள புரி ஜகந்நாதர் கோவிலின் பொக்கிஷ அறையின் சாவியைக் காணவில்லை என்று 2018-ல் பெரிய விசாரணையே நடந்தது. 2024 ஜூலை 14 அன்று அவ்வறையைத் திறக்கச் சென்றபோது, அரசுப் பாதுகாப்பில் இருந்த மாற்றுச் சாவிகளும் உள்ளறைப் பூட்டுகளுக்குச் சேரவில்லை, பூட்டுகளை அறுக்கவேண்டியதாயிற்று. ஆகவே மாற்றுச் சாவியை வாங்கிய நாளிலேயே போட்டுத் திறந்து பாருங்கள். பின்பு அதை வேறொரு வீட்டில், ஊரிலுள்ள பெற்றோரிடமோ உடன்பிறந்தாரிடமோ ஒப்புவியுங்கள்.

வட்டத்தைத் திருப்பி எண்களைச் சேர்க்கும் பூட்டு இரண்டாவது வகை. வட்டத்தில் 100 கோடுகள், உள்ளே மூன்று சக்கரங்கள் என்றால் கணக்குப்படி 10 லட்சம் சேர்க்கைகள். நடைமுறையில் அதைவிடக் குறைவு. சாவியுமில்லை, மின்கலமுமில்லை, பல்லாண்டு உழைக்கும். ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கோடு தவறினாலும் முதலிலிருந்து திருப்பவேண்டும். கண்பார்வை மங்கிய தாயாருக்கு இது ஆகாது.

மூன்றாவது வகை, இக்காலத்தில் எல்லாரும் வாங்கும் மின்னணுப் பூட்டு. நான்கு இலக்கம் என்றால் 10,000 எண்கள், ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம், ஆறையே தெரிந்துகொள்ளுங்கள். தொழிற்சாலையில் வைத்தனுப்பிய எண்ணை அன்றே மாற்றிவிடவேண்டும். இது சிறு காரியமல்ல. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் அணுகுண்டு ஆராய்ச்சியில் பணிபுரிந்த ரிச்சர்டு ஃபைன்மன் என்ற விஞ்ஞானி, உடன் வேலை செய்தவர்களின் பெட்டிகளை விளையாட்டாய்த் திறந்து காட்டுவார். மந்திரமொன்றுமில்லை. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெட்டி தொழிற்சாலை எண்ணோடே இருந்ததாம். ஒருவர் தம்முடைய ஒன்பது அலமாரிகளுக்கும் ஒரே எண்ணை வைத்திருந்தார். அதுவும் கணிதம் படித்த எவரும் ஊகிக்கக்கூடிய எண். உலகத்தின் மகா இரகசியத்தைக் காத்தவர்கள் அப்படியென்றால், பிள்ளையின் பிறந்தநாளை வைக்கும் நம்மைக் குறித்து என்ன சொல்வது?

மின்கலம் தீர்ந்தால் பூட்டு ஊமையாகிவிடும். வெளியிலிருந்து மின்கலத்தைத் தொட்டுத் திறக்கும் வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வருஷத்திற்கு ஒருமுறை மின்கலத்தை மாற்றிவிடுங்கள். மலிவான பெட்டிகளில் அவசரச் சாவிக்கான துளை ஒரு சிறு மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அந்தத் துளையிலுள்ள பூட்டு எவ்வளவு பலமோ அவ்வளவே பெட்டியின் பலம். மேலும் 2021 நவம்பரில் திருப்பதியின் தாழ்வான தெருக்களில் வெள்ளம் புகுந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மின்னணுப் பூட்டுக்கும் காகிதத்திற்கும் தண்ணீர் சத்துரு. பெட்டியைத் தரையில் வையாமல், உயர்ந்த மேடையின்மேல் சுவரோடு சேர்த்துப் பொருத்துங்கள்.

விரல்ரேகைப் பூட்டைக் குறித்து எனக்கு நல்ல அபிப்பிராயம் குறைவு. கட்டட வேலை செய்கிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள், முதியவர்கள் ஆகியோரின் ரேகை தேய்ந்திருக்கும். நியாயவிலைக் கடையில் ரேகை பதியாமல் திரும்பி வந்த தாய்மார்களை நீங்களே கண்டிருப்பீர்கள். வாங்கியே தீரவேண்டுமென்றால் கணவன், மனைவி, மூத்த பிள்ளை மூவருடைய விரல்களையும் பதிவு செய்யுங்கள். எண்ணாலும் திறக்கக்கூடியதாய் இருக்கட்டும்.

பூட்டைப்பற்றி இவ்வளவு பேசிவிட்டுப் பெட்டியை மறக்கலாகாது. உடைகள் வைக்கும் இரும்பு பீரோ பாதுகாப்புப் பெட்டியல்ல. அதன் மெல்லிய தகடு கடப்பாரைக்கு நில்லாது. சிறிய பெட்டியோ, போல்ட்டு போட்டு இறுக்காவிட்டால், திறக்க முயலாமலே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சுவரில் துளையிட வீட்டுக்காரரிடம் முன்னதாகவே உத்தரவு கேளுங்கள். இந்தியத் தர நிர்ணயத்தில் பெட்டகங்களுக்கு ஐ.எஸ். 550 என்ற தரம் உண்டு. கடையில் அதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மிகுந்த மதிப்புள்ளவைகளுக்கு வங்கி லாக்கரே மேல். அங்கே வங்கியின் சாவியும் உங்கள் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் நஷ்டம் நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல் 100 மடங்கு. அதற்குமேல் இல்லை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

சித்தூர்ச் சகோதரனுக்கு நான் சொன்னது, இரண்டு சாவிகளுள்ள நல்ல லீவர் பூட்டுப் பெட்டி போதும் என்பதே. அவருக்கு மின்னணுப் பெட்டியின்மேல் ஆசை. நான் தடுக்கவில்லை. ஆனால் கடைக்குத் தனியே போகாமல் மனைவியையும் அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொண்டேன். கடையிலே முதலாவது அந்தச் சகோதரியே எண்ணைப் போட்டுத் திறக்கட்டும். பின்பு மின்கலத்தைக் கழற்றிவிட்டு, அவசரச் சாவியினாலும் அவர்களே திறந்து பார்க்கட்டும். ரசீதைப் பெட்டிக்குள் வைக்கவேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன்.